மாப்பிள்ளை ஏறிய சாரம்

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயர்தான் வைத்தார்கள். கட்டட வேலைக்காரர்கள் அதை என்றைக்கோ தூக்கி மூலையில் போட்டுவிட்டு 'வேணாம் அண்ணன்' என்று புதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் அதுதான். "ஒரே பலகைல மூணு பேர் நிக்க வேணாம்." "சிமெண்ட் மூட்டைய அங்க ஏத்த வேணாம்." "குழாயப் புடிச்சுத் தொங்க வேணாம்டா, நீ என்ன குரங்கா?" ஒரு தடவை டீ வேண்டுமா என்று கேட்டதற்கும் பழக்க தோஷத்தில் வேணாம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் குடிப்பதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாராம். சாமான் ஏற்றுகிற லிஃப்டை ஓட்டும் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சாரம் பார்ப்பதுதான் அவர் வேலை. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே குழாய் போட்டு, மேலே பலகை பரப்பி நிற்கிறதே, அந்தச் சாரத்தைக் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அடியிலிருந்து நுனிவரை சுற்றிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஏணியடியில் பச்சை அட்டை. இல்லையென்றால் சிவப்பு அட்டை. சிவப்பு தொங்கினால் முதலாளியே வந்தாலும் ஏறக் கூடாது. ஒரு காலத்தில் அவரும் சாரம் கட்டியவர்தான். முட்டி தேய்ந்துபோய், இனி ஏறி இறங்கிக் குழாய் சுமக்க முடியாது என்ற நிலை வந்தபோது இந்த வேலையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் ஏறாமல் எப்படிப் பார்ப்பது? அதை யாரும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அலுப்பான வேலை அது. சாரம் கட்டுகிறவனுக்கு மாலையில் திரும்பிப் பார்க்க ஒரு சாரம் இருக்கும். சுவர் எழுப்புகிறவனுக்கு ஒரு சுவர் இருக்கும். இவருக்கு என்ன இருக்கும்? இன்றைக்கு யாரும் விழவில்லை. அதை யாரிடம் போய்க் காட்டுவது? நாள் முழுக்கக் கத்தித் தொண்டை வறண்டுபோய் வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு என்ன நடந்தது?" என்று மனைவி கேட்பாள். "ஒண்ணும் நடக்கல" என்பார். "அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?" என்பாள் அவள்.

சாரத்தில் எல்லோருடைய கண்ணையும் உறுத்துகிற ஒரு சாமான் உண்டு. சுவருக்கும் சாரத்துக்கும் நடுவில் இருக்கிற குட்டைக் குழாய். ஒரு முனையைச் சுவரில் போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள், மறு முனையைச் சாரத்தில் கிளாம்பு போட்டுப் பிடித்திருப்பார்கள். கட்டு என்பார்கள். சாரம் சுவரை விட்டு வெளிப்பக்கமாகச் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அதைக் கழற்றினால் சாரம் உடனே விழுந்துவிடாது. அங்கேதான் வந்தது வினை. கழற்றியவன் ஏறி இறங்குவான், ஆட்டிப் பார்ப்பான், அசையாது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்பான். தூசி பறக்காமலிருக்க வெளியே பச்சை வலை வேறு கட்டியிருப்பார்கள். காற்று அடித்தால் அந்த வலை மொத்தக் காற்றையும் வாங்கிக்கொண்டு சாரத்தைப் பிடித்து இழுக்கும்.

பூச்சு வேலைக்காரர்களுக்கு அந்தக் கட்டு ஜென்ம விரோதி. பூச்சைச் சமப்படுத்துகிற மட்டக்கட்டையைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்து வரும்போது நடுவில் வந்து முட்டும். அதைச் சுற்றிப் பூசினால், பிறகு சாரம் பிரிக்கும்போது அந்த இடம் ஓட்டையாக நிற்கும். ஓட்டையைத் தனியாக அடைத்தால் ஒட்டுப் போட்டது தெரியும். வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் நல்லாவே தெரியும். சோம்பேறி மேஸ்திரிக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது, ஒட்டு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுவான். தொழிலில் ரோஷம் உள்ளவன்தான் கட்டைக் கழற்றுவான். இந்த உலகத்தில் கெட்டவனை மட்டும் திருத்தினால் போதும் என்றிருந்தால் எவ்வளவு சௌகரியம்!

காற்று வாங்குகிற பக்கத்து நீளச் சுவரைப் பூச, ஊரிலேயே கைதேர்ந்த மேஸ்திரியைக் கூட்டி வந்தார்கள். அவர் வேறு யாருமில்லை, வேணாம் அண்ணனின் மாப்பிள்ளை.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மகளுக்குக் கல்யாணமான புதிதில், விருந்துக்கு வருகிறேன் என்று சொன்ன மாப்பிள்ளை வெகுநேரம் கழித்து வந்தார். சோறு ஆறிப்போய், வந்திருந்த சொந்தக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் மாப்பிள்ளை, உங்க வீட்ல கடிகாரம் கிடையாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவைத்தார். வேடிக்கையாகத்தான் கேட்டார். மாப்பிள்ளை கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு வெகுகாலம் இந்தப் படி ஏறவில்லை. மகள் மட்டும் எப்போதாவது வருவாள், சமையலறையில் அம்மாவோடு நின்று அழுவாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போவாள். பேத்தி பிறந்துதான் எல்லாம் சரியாயிற்று. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மூன்று பேரும் வருகிறார்கள். பேத்தி தாத்தாவின் மடியை விட்டு இறங்க மாட்டாள். அவருக்கு மிச்சமிருக்கிற சந்தோஷம் என்று சொன்னால் அந்த ஒரு பகல்தான்.

அதனால் மாப்பிள்ளை வேலைக்கு வந்த முதல் நாள், நீளச் சுவரில் கட்டுகள் கழன்று கிடந்ததைப் பார்த்தபோது, ஊரையே அதட்டுகிற அந்த வாய் ஒட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை..." என்று கீழே இருந்து கூப்பிட்டார். "அந்தக் கட்டு கொஞ்சம்..."

"பூசி முடிச்சதும் போட்டுடறேன் மாமா!" என்றார் மாப்பிள்ளை, திரும்பிப் பார்க்காமலே.

"சரிங்க மாப்பிள்ளை."

சரியாம்! வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்.

மாப்பிள்ளை போடவில்லை. மறந்துவிட்டார், அல்லது நாளைக்கும் கழற்றத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு, மாமனார் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, ஒவ்வொன்றாகத் தானே முடுக்கிவிட்டு இறங்கினார். காலையில் பச்சை அட்டை மாட்டினார். காலையில் அது உண்மைதான். மதியத்துக்குள் பொய்யாகிவிடும். சாயங்காலம் மறுபடியும் ஏறுவார். இப்படியே வழக்கமாகிப்போனது. மாப்பிள்ளையும் கவனிக்காமல் இல்லை. "மாமா போட்டுடுவாரு, நீ கழட்டு" என்று தன் ஆட்களிடம் அவர் சொன்னது இவர் காதிலேயே விழுந்தது. முன்பு யோசித்துக் கழற்றியவர்கள் இப்போது யோசிக்காமல் கழற்றினார்கள். தான் செய்வது காவல் இல்லை, கெடுதல் என்று அவருக்கே புரிந்துதான் இருந்தது. புரிந்து என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை வருமே.

லிஃப்ட் அக்காவுக்குக் கண் சும்மா இருக்குமா? "என்னண்ணே, எங்களுக்கெல்லாம் சிவப்பு அட்டை, மாப்பிள்ளைக்கு மட்டும் சிவப்புக் கம்பளமா?"

"உன் வேலையப் பாரு தாயி."

"என் வேலை மேல போறதும் கீழ வர்றதும்தான். எல்லாம் தெரியுது எனக்கு."

ஒரு சாயங்காலம் முட்டி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஏணியில் கால் வைத்தார், ஏற மாட்டேன் என்றது. இன்னொரு தடவை வைத்தார். உயிர் போகிற வலி. காலையில் சீக்கிரம் வந்து முடுக்கிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பச்சை அட்டை தொங்கியபடியே இருந்தது. அதை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மறுநாள் காலையில் முட்டி சின்னப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நிற்கவே முடியவில்லை. வேலையை மேற்பார்க்கிற எஞ்சினியரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பெண் நல்ல மாதிரி.

"நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே. நான் வேற ஆள விட்டுச் சாரத்தப் பாக்கச் சொல்லட்டுமா?"

வேறு ஆள் பார்த்தால் முதலில் எதைப் பார்ப்பான்? நீளச் சுவரைத்தான் பார்ப்பான். சிவப்பு அட்டை விழும், மாப்பிள்ளையின் வேலை நிற்கும், எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். மாமனார் வேலை பார்க்கிற இடத்திலேயே மாப்பிள்ளைக்கு அவமானம்.

"வேணாம்மா," என்றார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நேத்துதான் பாத்தேன்."

போனை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி வெந்நீரில் துணியை நனைத்து முட்டியில் போட்டாள். "எல்லாருக்கும் வேணாம் வேணாம்னு சொல்ற மனுஷன் உங்க முட்டிக்கு மட்டும் சொல்ல மாட்டீங்களா? இந்த வயசுல எதுக்கு ஏறணும்?"

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம், ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. மனைவி எழுந்துபோய்க் கொக்கியைப் போட்டாள். கொடியில் காய்ந்த துணி பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. மாப்பிள்ளைக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். கையெல்லாம் கலவையோடு நிற்கிற மனிதர் எப்படி எடுப்பார்?

எஞ்சினியரம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, காலைல நான் பொய் சொல்லிட்டேன். நீளச் சுவர்ல ஒரு கட்டுகூட இல்ல. ஆளுங்கள இறக்குங்க."

"நான் ஆபீஸ்ல இருக்கேன். இப்பவே சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

சொல்லிவிட்டாள்தான். இருந்தாலும் மனது கேட்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் தெருமுனைக்குப் போய், கிடைத்த வண்டியில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மரங்கள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன.

வேலையிடத்தில் மற்ற பக்கங்களில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நீளச் சுவரில் மட்டும் மாப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் மேலே நின்று பூசிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் அக்கா ஓடி வந்தாள்.

"எஞ்சினியரம்மா இறங்கச் சொன்னாங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேண்ணே! கேக்கவே மாட்டேங்கறாங்க. பாதில விட்டா சுவர்ல கோடு விழுமாம். 'மாமா பச்சை அட்டை போட்டிருக்காரு, நீ போ அக்கா'ன்றாரு உங்க மாப்பிள்ளை."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வலை வயிறு உப்பியது போலப் புடைத்து நின்றது. ஒவ்வொரு காற்றுக்கும் குழாய்கள் முனகின. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் சாதாரணமாக ஒரு சாண் இடைவெளி இருக்கும். இப்போது மேலே போகப் போக அது அகன்றுகொண்டே போய், மாப்பிள்ளை நின்ற இடத்தில் ஒரு முழம் இருந்தது. விசிலை எடுத்து ஊதினார். மாப்பிள்ளை கீழே பார்த்து, கரண்டி பிடித்த கையை ஆட்டினார். கொஞ்சம் பொறுங்க என்று அர்த்தம். அடுத்த காற்றில் சாரம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

அப்போது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரவில்லை.

"டேய்! அறிவு கெட்டவனே! கரண்டியக் கீழ போடுடா!"

மொத்த இடமும் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை திரும்பினார். அந்த முகத்தை இவர் சாகும்வரை மறக்க மாட்டார்.

"என்னடா பாக்கற? ஏணில எறங்காத! ஜன்னல் வழியா உள்ள போ! ஒவ்வொருத்தனா போங்கடா! உள்ள போய் வலையோட கயித்த அறுங்க!"

ஆட்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குள் தாவினார்கள். கடைசியாக மாப்பிள்ளை போனார். உள்ளேயிருந்து நீளக் கழியில் கத்தியைக் கட்டி நீட்டி வலையின் கயிறுகளை அறுத்தார்கள். வலை பிய்த்துக்கொண்டு படபடவென்று ஒரு பக்கமாகத் தொங்கியதும் காற்று ஊடே புகுந்து போனது. சாரம் பெரிய பெருமூச்சோடு திரும்ப வந்து சுவரோரம் நின்றது. விழவில்லை. ஒரு குழாய்கூட விழவில்லை. வேணாம் அண்ணன் நொண்டிக்கொண்டு போய்ப் பச்சை அட்டையைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டினார்.

மாப்பிள்ளை படிக்கட்டு வழியாக இறங்கி வந்து, இவரைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார். நிற்கிற சாரத்தை எல்லோரும் பார்த்தார்கள். இவரையும் பார்த்தார்கள். இதற்கா மனுஷன் மாப்பிள்ளையை இந்த வாங்கு வாங்கினார் என்று அவர்கள் கண்ணில் எழுதியிருந்தது.

எஞ்சினியரம்மா வந்து முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. "இனிமே நீங்க தனியாப் பாக்க வேணாம். கூட ஒருத்தர் வருவாரு. நீங்க மாட்டற அட்டைய அவரும் பாக்கணும்," என்றாள். அது நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. திட்டியிருந்தால் தேவலை என்றும் பட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் டேய்னு கூப்பிட்டீங்களாமே?"

"ஆமாம்மா."

"எதுவும் விழலையேப்பா!"

"விழல."

வைத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. மனைவி பழக்கத்தில் ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்சத்தை மூடி வைத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். இவர் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். வேலையிடத்தில் மாப்பிள்ளை எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். ஏழு கடல் தாண்டிப் போன மாதிரி ஒரு தூரம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மகள் தனியாக வந்தாள். பேத்தி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. அன்னிக்கு அப்படிப் பேசித்தான் ஆகணுமா? அவரு சரியா சாப்பிடறதில்ல. தூங்கறதில்ல. நடுவுல கெடந்து நான் சாகறேன்."

அவருக்கு நிரம்ப அலுப்பாக இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு இதையே விளக்கியாயிற்று! எழுந்துபோய்ச் சுவரில் முதுகு சாய்த்து நின்றார். கையை விரித்துக் காட்டினார்.

"பலகைக்கும் சுவருக்கும் நடுவுல இவ்ளோதாம்மா இருக்கணும். ஒரு சாண்." பிறகு முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டிக் காட்டினார். "அன்னிக்கு அவரு நின்ன எடத்துல இவ்ளோ இருந்துச்சு. சாரம் சுவர விட்டுப் போயிட்டு இருந்துச்சும்மா."

மகள் அந்தக் கையையே பார்த்தாள். "இத அவரு சொல்லலையே."

"அவருக்குத் தெரியாது. அவரு சுவரப் பாத்துட்டு இருந்தாரு. எட்டலன்னு கைய இன்னும் கொஞ்சம் நீட்டினாரு. மறுபடி எட்டல, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்தாரு. அவ்ளோதான். நான் கீழ நின்னு பாத்துட்டே இருந்தேன்."

சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தூங்குகிற குழந்தையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "அப்பவே சொல்றதுக்கு என்னப்பா?" என்றாள்.

"நீ அழுவன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் சிரிக்கறேனா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் போய் அவள் வீட்டில் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், கூட வந்த ஆள் மறுபக்கம் பார்க்கப் போயிருக்க, வேணாம் அண்ணன் வழக்கம்போல நீளச் சுவரைப் பார்க்க வந்தார். இன்னும் அட்டை மாட்டவில்லை. ஏணியடியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், ஆட்கள் பின்னால். யாரும் ஏறவில்லை. மேலே கட்டுகள் எல்லாம் இடத்தில் இருந்தன. முந்தின நாள் பூசிய இடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றிச் சதுரமாக இடம் விட்டு, விளிம்பைச் செதுக்கினாற்போலப் பூசியிருந்தது. நாளைக்கு அடைத்தால் ஒட்டு தெரியாது, அந்தக் கைக்கு அது முடியும்.

மாப்பிள்ளை இவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏறலாமா?"

மாமா என்று சொல்லவில்லை. இவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டாரே! ஏறுங்க மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இந்த ஞாயிறே வந்துவிடுவார்களோ என்னவோ. இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். ஒவ்வொரு கட்டையும் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூலையில் ஒன்று, கிளாம்பு சரியாக முடுக்காமல் லேசாக ஆடியது. கீழே குனிந்து பார்த்தார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் மாப்பிள்ளை," என்றார். "மூலைல ஒண்ணு லூசா இருக்கு."

மாப்பிள்ளை கரண்டியைக் கலவைச் சட்டியில் வைத்துவிட்டு, அதை முடுக்கும்வரை காத்திருக்க மணல் குவியலில் போய் உட்கார்ந்தார்.